சங்கரன்கோவில் கடற்கரைக் கோட்டை

1971 கார்த்திகையில் சங்கரன்கோவிலுக்குக் கடல் வந்தது. அதைக் காப்பதற்கான கோட்டை முன்னதாகவே கட்டி முடிந்திருந்ததால் ஊரில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. போர் வரும் என்ற பேச்சு எழுந்திருந்த நாட்களில், கடற்கரையில் கோட்டை கட்ட இடம் தேடிய மேலிடத்து அதிகாரி ஒருவர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது, மடிப்பில் வங்காள விரிகுடா சங்கரன்கோவிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. உத்தரவு வந்ததும் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். இங்கே கடல் இல்லை என்று எழுதிப் போட்டால் கோட்டை போய்விடும். கொடுத்த கோட்டையைத் திருப்பிய ஊருக்கு நாளைக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு கேட்டாலும் தரமாட்டார்கள். "கோட்டைய வாங்கிப் போடுவோம் அண்ணாச்சி, கடலப் பொறவு பாத்துக்கிடலாம்" என்று சிமெண்டு வியாபாரி ஞானதுரை சொன்னது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது.

மேலக்குளத்துக் கரையில் நாலு சுவரும் ஒரு கொடிக்கம்பமுமாகக் கோட்டை எழுந்தது. பழைய ஜமீன் பங்களாவில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த பீரங்கியைக் கழுவி மேலே ஏற்றினார்கள். அதன் வாய் ராஜபாளையம் பஸ் வரும் பக்கமாக அமைந்துவிட்டது. திருப்பி வைக்க ஆள் போதாததால், எதிரி அந்த வழியாகத்தான் வருவான் என்று தீர்மானிக்கப்பட்டது. தீர்மானித்தவர் கோட்டைக் கமாண்டர் வெள்ளத்துரை. அவருடைய பட்டாளத்து வாழ்க்கையில் பெரும்பகுதி சமையற்கூடத்தில் கழிந்தது ஊருக்குத் தெரியும், அவர் மீசைக்குத் தெரியாது. காவலுக்கு எடுத்த ஆட்களில் மூக்காண்டியும் ஒருவன். நேற்றுவரை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச நடந்த அதே கரையில், காக்கி அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு, தண்ணீர் பாய்ச்சாமல் நடப்பது அவன் வேலை.

போர் அறிவித்த செய்தி ரேடியோவில் வந்த மறுநாள் கடல் புறப்பட்டு வந்தது. கழுகுமலை ரோட்டோடு, பஸ் வந்தால் ஒதுங்கி, பள்ளத்தை நிரப்பி, மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, கோட்டைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றது. சந்தையில் சாளை மீன் விலை பாதியாக இறங்கியது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்து கால் நனைத்துவிட்டு, இது எங்கள் குளத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று பொருமிக்கொண்டு போனார்கள். பினாங்குக்குக் கப்பலில் போய்வந்திருந்த கடையநல்லூர் பாதுஷா ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்துவிட்டு, "கடல்தான், சந்தேகமில்ல. ஆனா நான் போன கடல் இன்னும் கொஞ்சம் மருவாதியா இருக்கும்" என்று சான்று சொன்னார். வெள்ளத்துரை மட்டும், கோட்டை தயாராகி இத்தனை நாள் கழித்து வந்த கடலிடம் விளக்கம் கேட்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குள் கடல் ஏறத் தொடங்கியது. மேலக்குளத்துத் தண்ணீர் முழுக்கக் கரித்துப் போனது. குளத்துக்கும் கீழ்ப்பத்து வயல்களுக்கும் நடுவில் ஒரு மண்கரையும் அதில் ஒரு மடைப்பலகையுமே மிச்சம். மடையை ஒட்டிய முதல் வயல் மூக்காண்டியின் பெண்டாட்டி ஆறுமுகத்தாயுடையது. மழை பொய்த்த இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, உலைக்கு வைத்திருந்த கடைசி நெல்லை எடுத்து அவள் அதில் விதைத்திருந்தாள். விளைந்தால் ஊரில் இருப்பு. கருகினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போவது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயிர் இடுப்புயரம் நின்று கதிர் தள்ளக் காத்திருந்தது. அவள் விடிந்தால் மடைக்குப் போய்ப் பலகைக் கசிவை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் உப்பு.

பெரிய அதிகாரி கோட்டையைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்த காலையில் கோட்டைக்குள் கணுக்கால் தண்ணீர் நின்றது. வெடிமருந்து நனைந்தது போகட்டும். அதிகாரிக்குப் போட வைத்திருந்த ஜமுக்காளம் நனைந்துகொண்டிருந்தது. வெள்ளத்துரை கொத்தளத்தில் ஏறி நின்று, மடையைத் திறந்து கடலைக் கீழே விடும்படி உத்தரவிட்டார். மூக்காண்டி கடப்பாரையோடு மடைக்கு இறங்கினான். பலகையில் முதுகை முட்டுக்கொடுத்து ஆறுமுகத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளுட்டி. உத்தரவு."

"யாரு உத்தரவு? பச்ச நெல்லுல உப்ப விடச் சொல்லி ஒரு உத்தரவா?"

"கவர்மெண்டு உத்தரவுட்டி. நான் என்ன செய்யட்டும்?"

"சரி. கடப்பாரைய மொதல்ல எம்மேல போடும். பொறவு பலகைல போடும்."

மேலேயிருந்து வெள்ளத்துரை கத்தினார்: "ஏலே மூக்காண்டி, பொம்பளகிட்ட என்னலே மாநாடு? தொறலே!" மூக்காண்டி கடப்பாரையை ஓங்கினான். ஓங்கியவன் அப்படியே நின்றான். இப்போது கடலே பலகையைத் தள்ளியது. மரம் முனகியது, பலகையின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதல் வரிசைப் பயிரின் தாள் நனைந்து அங்கேயே மஞ்சளானது. இரண்டாவது வரிசையும் நுனியில் மஞ்சள் தட்டியது.

ஆறுமுகத்தாய் எழுந்து திரும்பி, கமாண்டரையும் புருஷனையும் விட்டுவிட்டுக் கடலைப் பார்த்துப் பேசினாள். "இந்தா, ஒன்னத்தான். ஒனக்கு என்ன வேணும்? பங்குதான? கொல்லரும் நாவிதரும் பங்கு வாங்குதாக, இல்லங்கல. ஆனா எவனாவது பச்சப் பயிருல கைய வைக்கானா? அறுத்து, அடிச்சு, தூத்தி, பொலி கட்டுன பொறவு களத்துல வந்து வரிசைல நிக்கணும். நின்னா எல்லாருக்கும் அளக்குத மாரி ஒனக்கும் அளப்பேன். மாசில வா. இப்பப் போ."

பலகையின் முனகல் நின்றது. கடல் சிறிது நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, ஒரு முழம் இறங்கியது. பிறகு இன்னொரு முழம். மூக்காண்டி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் பலகை ஓரத்தைக் களிமண்ணால் அடைக்க உட்கார்ந்தான். மாலைக்குள் கடல் குளத்தைவிட்டுக் கரையேறி, வந்த ரோட்டிலேயே கழுகுமலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அந்த வார மழை குளத்தைக் கழுவிக் கொடுத்தது.

கோட்டையின் வீரத்துக்கு அஞ்சிக் கடல் பின்வாங்கிவிட்டதாக வெள்ளத்துரை அன்றே மேலிடத்துக்குத் தந்தியடித்தார். அதிகாரி வரவில்லை, கடல் இல்லாத ஊரில் கோட்டை எதற்கு என்று பதில்தான் வந்தது. அந்த வாரமே போரும் முடிந்துவிட்டதால் மேல்முறையீட்டுக்கு வழியில்லை. ஒரு கோழி குஞ்சு பொரிக்கும் நேரம்கூட முழுதாக நிற்காத கோட்டையைப் பிரித்து, செங்கல்லை ஆளுக்குக் கொஞ்சமாகத் தொழுவங்களுக்குக் கொண்டுபோனார்கள். பீரங்கி கோழிகளிடம் திரும்பியது. வெள்ளத்துரை கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போனார். அவருடைய சொதிக் குழம்பில் மட்டும் குறை சொல்ல முடியாது.

மாசியில் ஆறுமுகத்தாய் வயலில் மகசூல் நன்றாகவே இருந்தது. களத்தில் பொலி குவிந்து, பங்கு வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றபோது, கடைசி ஆளுக்குப் பின்னால் கடல் வந்து நின்றது. களத்தில் ஈரம் படாமல் தன்னை ஒடுக்கிக்கொண்டு, ஒரு பாய் அகலத்துக்குத்தான் இருந்தது. அவள் இரண்டு மரக்கால் அளந்து அதன்மேல் கொட்டினாள். அது நெல்லைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. மழை இல்லாத வருஷங்களில் வந்து வெறுங்களத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பியது. எண்பதுகளில் மூக்காண்டி மோட்டார் போட்டுக் கிணற்றுப் பாசனத்துக்கு மாறிய பிறகும் அதன் பங்கு நிற்கவில்லை. வரிசையில் அதற்கு எந்த இடம் என்பதில் மட்டும் சில வருஷம் சச்சரவு இருந்தது. "அது எங்கேருந்து வருது! மொதல்ல அளந்து அனுப்புங்க, நாம இங்கனதான கெடக்கோம்" என்று ஒரு மாசியில் கொல்லர் தங்கப்பழமே சொன்னார். அன்றிலிருந்து அந்தக் களத்தில் முதல் அளவை கடலுக்கு.