ஒன்பதாம் நாற்காலி

கோர்ட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தால் அமெரிக்காவின் ஒஹையோவில் எவரும் துள்ளிக் குதிப்பதில்லை. எப்படிக் கழன்றுகொள்ளலாம் என்றுதான் புத்தி ஓடும். வெர்லீன் ஹட்சன் மட்டும் விரும்பி வந்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஏழு மாதத்துக்கு முன் அவள் மகன் கர்ட்டிஸை ஒரு குடிகாரன் காரால் மோதிக் கொன்றுவிட்டான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதால் விசாரணையே நடக்கவில்லை. சாட்சி இல்லை, கேள்வி இல்லை, ஒரு மண்ணும் இல்லை, பத்தே நிமிடத்தில் முடிந்துபோனது. அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு விசாரணையை முழுதாக உட்கார்ந்து பார்த்தாலாவது உள்ளே ஏதாவது அசையாதா என்று வந்திருந்தாள்.

உண்மையே சொல்வேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பெயர் கூப்பிட்டு ஒன்பதாம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ட்வைட் காஃப்மன் என்ற குழாய் வேலைக்காரர்.

"ஆளைப் பார்த்தாலே குற்றவாளின்னு தெரியுதுன்னு கத்துடா, உடனே துரத்திடுவாங்கன்னு என் மச்சான் சொன்னான்," என்று அவள் காதைக் கடித்தார். "கத்தட்டுமா?"

"கத்துங்களேன்," என்றாள் வெர்லீன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கு என்னவென்று நீதிபதியம்மா படித்தார். குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவரைக் கொன்ற வழக்கு. விதியைப் பாருங்கள்! குற்றம் சாட்டப்பட்ட பையன் தோள் கொள்ளாத கோட்டில் குனிந்திருந்தான். பின் வரிசையில் அவன் அம்மா, தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில்.

கேள்விகள் அச்சடித்த அட்டை கைமாறிக் கைமாறி வந்தது. வேலை, ஊர், பிள்ளைகள், அவர்கள் வயது. ஒவ்வொருவராக எழுந்து பதில் சொல்ல வேண்டும். வெர்லீன் முறை வந்தது.

"ஒரு பொண்ணு, பத்தொம்பது. ஒரு பையன், இருபத்தாறு. போன அக்டோபர்ல ஒரு குடிகாரன் அவனைக் கார்ல மோதிக் கொன்னுட்டான்."



"ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார் நீதிபதி. "அதை ஒதுக்கி வச்சுட்டு, சாட்சியத்தை மட்டும் பார்த்து நியாயமா முடிவு சொல்ல முடியுமா?"

"முடியுங்க."

பையனின் வக்கீல் எழுந்தார். நரைத்த மனிதர். "அந்தக் குடிகாரன் மேல உங்களுக்குக் கோபமே இல்லையாம்மா?"

"ஒண்ணுமே இல்லைங்க. அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து சாண்ட்விச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் பஸ் ஓட்டப் போயிட்டேன்."

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இனி இரு தரப்பும் காரணம் சொல்லாமலே சிலரை வீட்டுக்கு அனுப்பலாம். பையனின் வக்கீல் அவளைத்தான் முதலில் கிளப்புவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வேறு இருவரை அனுப்பினார், அவளைத் தொடவில்லை. வெர்லீன் மூச்சு விட்டாள். இடம் கிடைத்துவிட்டது.

அப்போது அரசு வக்கீல் எழுந்தார். "ஒன்பதாம் நாற்காலியில இருக்கறவங்களுக்கு நன்றி. அவங்க போகலாம்."

அடப்பாவி! செத்தவர் பக்கம் நிற்க வேண்டியவனே இந்த ஆள்தான். பெற்ற பிள்ளைக்கே கலங்காதவள் ஊரான் பிள்ளைக்கா கலங்கப் போகிறாள் என்று கணக்குப் போட்டிருப்பான்.

"கொடுத்து வச்சவங்க நீங்க. நான் மாட்டிக்கிட்டேன்," என்றார் ட்வைட்.

வேலையிடத்தில் காட்டச் சீட்டு வாங்கிக்கொண்டு அவள் தாழ்வாரத்துக்கு வந்தபோது இடைவேளை விட்டிருந்தார்கள். பையனின் அம்மா நேராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை ஜூரியில வச்சுக்கணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தேம்மா. உங்களுக்குக் கல்மிஷமில்லாத மனசு. நீங்க உள்ள இருந்திருந்தா எம்புள்ளைய விட்டிருப்பீங்க."

வெர்லீன் கையை உருவிக்கொண்டாள்.

"விட்டிருக்க மாட்டேன்." குரல் அவளை மீறி உயர்ந்தது. "யாரு வந்து என்ன சாட்சி சொன்னாலும் சரி, அவனை உள்ள தள்ளிட்டுத்தான் எழுந்திருப்பேன். கேட்டுச்சா?"

அந்த அம்மா இரண்டடி பின்னால் போனாள்.  சத்தியம் செய்துவிட்டு உள்ளே, கோபமே இல்லை, நியாயமாக முடிவு சொல்வேன் என்று சொன்னது அத்தனையும் பொய் என்பது வெர்லீனுக்கே அப்போதுதான் தெரிந்தது.