வடியாத தண்ணி

ஆம்பூர்ல எங்க தெருவுல பினாங்கு போய்ட்டு வந்த பொம்பளை நான் ஒருத்திதான். அதனால கல்யாண வூட்ல உக்காந்தாலும் சரி, சாவு வூட்ல உக்காந்தாலும் சரி, ஒருத்தி வந்து பக்கத்துல ஒட்டிக்குவா. "ஜஹீதா, வெள்ளைக்காரங்க குளிக்கிற அந்த பீச்சு எப்பிடி இருந்துச்சு, சொல்லேன்." நல்லா இருந்துச்சும்மா, வெள்ளை மணலு, தென்னமரம், ஜிலுஜிலுன்னு காத்துன்னு சொல்லிட்டு வாயை மூடிக்குவேன். எம் புருஷன் அங்க சாவப் பார்த்தாருன்னு யாருகிட்ட சொல்றது? இன்னிக்கு சொல்லிடறேன். உள்ளயே வெச்சிருந்து எனக்கே பேஜாரா போச்சு.

எங்க வூட்டுக்காரருக்கு தோல் வியாபாரம். பதம் பண்ண ஆட்டுத்தோலை மதராஸுக்கு அனுப்புவாரு. அவரு சித்தப்பா மவன் மக்பூல் அகமது பினாங்குல செருப்புக்கடை வெச்சிருந்தாரு. நம்ம தோல் அங்க விலை போவுமான்னு பார்க்கக் கெளம்பினவரு, என்னையும் கப்பல்ல ஏத்திக்கிட்டாரு. எங்களுக்குப் புள்ளைங்க இல்ல, வூட்ல என்னைத் தனியா விட அவருக்கு இஷ்டமில்ல. ஆசையா கூட்டிட்டுப் போனாருன்னு நெனச்சுடாதீங்க.

வியாபாரம் பேசி முடிச்சதும், பத்து பெரிங்கின்னு அங்க ஒரு பீச்சு, அதைப் பார்க்காம ஊருக்குப் போவக்கூடாதுன்னு மக்பூல் ஒத்தக்கால்ல நின்னாரு. வாடகை மோட்டார்ல ஏத்தி, மலையைச் சுத்திச் சுத்தி கூட்டிட்டுப் போனாரு. எனக்கு வழியெல்லாம் குமட்டல். புர்காவுக்குள்ள வேர்த்து ஊத்துது. வண்டிய விட்டு எறங்கி அந்தக் கடலைப் பார்த்தேன் பாருங்க, பட்ட கஷ்டமெல்லாம் மறந்து போச்சு. தண்ணி எங்கயோ தூரமா இருந்தது. கரையிலேர்ந்து அதுவரைக்கும் ஈர மணலு, பளபளன்னு. நடுவுல ஒரு கறுப்புப் பாறை.

"இன்னாடா இது, நம்ம பாலாறு மாதிரியே கெடக்குது"ன்னாரு இவரு. மூஞ்சியில சந்தோஷம். ஊரை விட்டு வந்ததுலேர்ந்து அவரு சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

மக்பூல் எளநீ வாங்கிட்டு வர்றேன்னு கிராமத்துப் பக்கம் போனாரு. இவரு செருப்பைக் கழட்டி என் கையில குடுத்தாரு. "நீ சாப்பாட்டுக் கூடையைப் பார்த்துக்க. நான் அந்தப் பாறை வரைக்கும் போய் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்." நானும் வர்றேன்னேன். புர்கா நனைஞ்சா அப்புறம் அழுவாதேன்னாரு. ஆத்து மணல்ல நடக்கறவரு எப்பிடி நடப்பாரோ அதே நடைதான், கை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு. போய் பாறை மேல ஏறி, கடலைப் பார்த்து உக்காந்தாரு.

நான் தென்னமரத்தடியில உக்காந்திருந்தேன். கொஞ்சம் தள்ளி ஆம்பளைங்க ஏழெட்டு பேரு வலை பின்னிட்டு இருந்தாங்க, மலாய்க்காரங்களும் சீனக்காரங்களும். மேட்டு பங்களாவுல துரைங்க ரெண்டு பேரு நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. மணல்ல கிளிஞ்சல் பொறுக்கிட்டு இருந்த ஒரு மலாய்க்காரி கூடையைத் தூக்கிட்டு வேகவேகமா கரைக்கு வந்தா. பாறையைக் காட்டி ஏதோ கேட்டா. எனக்குப் புரியல. அவ விடல. என் கையைப் பிடிச்சு எழுப்பி, பாறைக்கும் கரைக்கும் நடுவுல விரலை நீட்டினா. அங்க மணலைக் காணோம். கரைய ஒட்டி பள்ளமா இருந்த எடத்துல தண்ணி வந்து நின்னுட்டு இருந்தது. இவரு முதுகைக் காட்டி உக்காந்திருக்காரு, தண்ணி அவருக்குப் பின்னால வந்துட்டுது.

அவ தன் முழங்காலைத் தொட்டா. அப்புறம் இடுப்பை. அப்புறம் கையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டினா. பாறையைக் காட்டி அதே மாதிரி கையைத் தூக்கினா. உத்துப் பார்த்தேன். பாறை உச்சி வரைக்கும் பச்சையா பாசி புடிச்சிருந்தது. அடிக்கடி முழுகாத பாறையில பாசி எப்பிடி புடிக்கும்?

"ஏங்க"ன்னு கத்தினேன். காத்து எதிர்க்காத்து. மறுபடியும் கத்தினேன். அப்புறம் அவரு பேரையே சொல்லிக் கத்தினேன், எந்த நாள்லயும் நான் வாயால சொல்லாத பேரு. அதுக்குத் திரும்பினாரு. நான் தண்ணியைக் காட்டினேன். எழுந்து சுத்திமுத்தும் பார்த்தாரு. அப்பாடா, வந்துடுவாருன்னு நெனச்சேன். அவரு இன்னா பண்ணாரு தெரியுமா? உள்ளங்கையைக் கீழ அமுக்கி, உக்காரு உக்காருன்னு எனக்கு ஜாடை காட்டிட்டு, மறுபடியும் உக்காந்துக்கிட்டாரு.

எனக்கு அந்த ஜாடை தெரியும். சின்ன வயசுல இவரு பாலாத்துல தோல் அலசறவங்களோட நின்னுட்டு இருந்தப்போ வெள்ளம் வந்துச்சாம். கரைக்கு ஓடினவங்களை வெள்ளம் இழுத்துட்டுப் போய்ட்டுது. இவரு ஒரு பாறை மேல ஏறி உக்காந்து, சாயங்காலம் வெள்ளம் வடிஞ்சதும் நடந்து வூட்டுக்கு வந்தாரு. அன்னிலேர்ந்து அவருக்கு ஒரே பாடம்தான். தண்ணி வந்தா ஓடாதே, ஏறி உக்காரு, வடிஞ்சுடும். ஆம்பூர்ல பொறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. எங்க ஆத்துக்கு அது சரி. இந்தப் பாழாப்போன கடலு வடியறதுக்குள்ள ஆளை முழுங்கிடும்னு இவருக்கு யாரு சொல்றது? நீச்சலும் தெரியாது. மணலா கெடக்குற ஆத்துல எங்க போய் கத்துக்குவாரு?

வலைக்காரங்க பக்கம் மலாய்க்காரி ஓடினா. அவங்க ஒரு படகைக் காட்டிக் கையை விரிச்சாங்க. அது கவுந்து கெடந்தது, அடிப்பலகை ரெண்டு இல்ல. நல்ல படகெல்லாம் கடலுக்குள்ள போய்ட்டுது. இவரு இப்போ எறங்கினா மாருக்குத்தான் தண்ணி, நடந்தே வந்துடலாம். இன்னும் கொஞ்ச நேரம் போனா அதுவும் இல்ல.

நான் கத்திக் கத்திப் பார்த்தேன். கும்பிட்டுப் பார்த்தேன். அழுதேன். அவரு அசையல. பொம்பளை பயந்து கத்தறா, கத்தட்டும்னு உக்காந்திருக்காரு. எனக்கு பயம் போய் கோவம் வந்துச்சு. இவரோட இத்தனை வருஷம் குடும்பம் பண்றேன், இவரு எதுக்கு எழுந்து வருவாருன்னு எனக்குத் தெரியாதா? நான் சொல்லி வரமாட்டாரு. என்னை அடிக்கணும்னா ஓடி வருவாரு.

புர்காவைக் கழட்டினேன்.

எங்க அப்பா, அண்ணன்மாரு, இவரு, இவங்களைத் தவிர என் மூஞ்சியை ஒரு ஆம்பளை பார்த்ததில்ல. கழட்டி மணல்ல போட்டேன். தலை மேல இருந்த முக்காட்டையும் எடுத்தேன். கொண்டையை அவுத்து விட்டேன். நேரா அந்த வலைக்காரங்க நடுவுல போய், அவரு நல்லா பார்க்கற மாதிரி நின்னேன். அவங்க வேலையை விட்டுட்டு என்னைப் பார்த்தாங்க. பங்களாவுல ஒரு துரை எழுந்து நின்னு பார்த்தான். எனக்கு அங்கயே செத்துடலாம் போல இருந்தது.

பாறை மேல இவரு எழுந்துட்டாரு. கையை ஆட்டினாரு. நான் திரும்பிக்கூட பார்க்கல, ஓரக்கண்ணால மட்டும் பார்த்துட்டு நின்னேன். தண்ணியில குதிச்சாரு.

இடுப்பு வரைக்கும் தண்ணி, பாறையிலயே முக்காவாசி முழுகிப் போச்சு. நாலு அடி எடுத்து வெச்சாரு, மாரு வரைக்கும். பள்ளத்துக்கிட்ட வந்ததும் தாடை வரைக்கும் ஏறிடுச்சு. ஒரு அலை வந்து தலையை மூடுச்சு. ஆளைக் காணோம். யா அல்லா, நானே கூப்பிட்டுக் கொன்னுட்டேனேன்னு நான் தண்ணிக்குள்ள ஓடினேன். மலாய்க்காரி என் இடுப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. தலை மேல வந்தது. மறுபடியும் முழுகுச்சு. வலைக்காரங்கள்ல ஒருத்தன் நீளமா ஒரு மூங்கில் கழியோட எறங்கி நீட்டினான். அதைப் புடிச்சு இவரு மேட்டு மணலுக்கு வந்துட்டாரு.

மூக்கெல்லாம் தண்ணி, கண்ணெல்லாம் செவப்பு. நேரா என்கிட்ட வந்தாரு. "மானத்தை வாங்கிட்டியேடி"ன்னு பளார்னு கன்னத்துல ஒண்ணு குடுத்தாரு. அத்தனை பேரு எதிர்ல. நான் அழல. "அடிச்சாச்சு இல்ல? இப்போ பின்னால பாருங்க"ன்னேன்.

திரும்பிப் பார்த்தாரு. பாறை உச்சி மட்டும் ஒரு கையகலம் தெரிஞ்சது. அலை ஒண்ணு அதை மூடுச்சு, வெலகுச்சு. அடுத்த அலை மூடினது வெலகவே இல்ல. அவரு நின்ன எடத்துலயே நின்னாரு. மலாய்க்காரி தன் தோள்ல இருந்த துணியை எடுத்து என் தலையில போட்டா. என் புர்கா கெடந்த எடத்துல தண்ணி நுரைச்சுட்டு இருந்தது.

அப்போ எளநீயோட மக்பூல் வந்தாரு. என்னைப் பார்த்ததும் சட்டுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரு மூஞ்சி கறுத்துப் போச்சு. "ஆபித் பாய், பாபியோட புர்கா எங்க? இத்தனை பேரு எதிர்ல இது இன்னா கோலம்?"

இவ வெக்கங்கெட்டுப் போய்ட்டான்னு இவரு ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் எங்க அம்மா வூட்டுக்குத்தான் போவணும்.

"நான்தான் கழட்டச் சொன்னேன்"னாரு.

"நீங்களா?"

"ஆமா, நான்தான். புழுக்கமா இருந்துச்சு, கழட்டச் சொன்னேன். உனக்கு இன்னா?"

மக்பூல் அதுக்கு மேல பேசல. ஆனா சும்மாவும் இருக்கல. நாங்க ஊர் வந்து சேர்ந்த கொஞ்ச நாள்லயே சேதி ஆம்பூருக்கு வந்துட்டுது. ஆபித் பாஷா சீமைக்காரன் மாதிரி பொண்டாட்டியை பீச்சுல தலைய விரிச்சு நடக்க விட்டாராம்னு. தோல் மண்டியில சிரிச்சாங்க. பள்ளிவாசல்ல பெரியவங்க கூப்பிட்டு விசாரிச்சாங்க. அவரு தலையை நிமித்தி, ஆமா, நான்தான் சொன்னேன்னாரு. வெள்ளத்தைப் பத்தி, பாறையைப் பத்தி மூச்சு விடல.

அன்னிக்கு என்னை அறைஞ்சதுக்கு வருத்தப்பட்டு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன். இதுவரைக்கும் சொல்லல. எனக்கு அந்தக் கோவம் போவல, போவவும் போவாது. ஆனா பினாங்குப் பேச்சை எடுத்து எவனாவது என்னை ஒரு மாதிரி பேசினா, இன்னிக்கும் இவரு எழுந்து, "அவளைச் சொல்லாதே, சொன்னது நான்"னுதான் சொல்றாரு.