அமாவாசைப் பழம்

தங்கதுரைக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். கள்ளக்குறிச்சியிலேர்ந்து சின்னசேலம் போற ரோட்டுல ஒரு பட்டறை, அதுல சி.என்.சி. மிசினு ஓட்டுறான். இரும்புக் கட்டையைப் புடிச்சு வச்சுப் பட்டனைத் தட்டுனா, கம்ப்யூட்டர் சொல்றபடி டிரில்லு தானா எறங்கி ஓட்டை போட்டுட்டு மேல வரும். காலை ஷிப்ட்டு இவன், மத்தியான ஷிப்ட்டு தமிழ்ப்ரியா. கல்வராயன் மலைக்காரப் பொண்ணு, ஐ.டி.ஐ. முடிச்சு வந்து இன்னும் வருசம் திரும்பல.

அந்தப் பட்டறையில ஒரு பழக்கம் உண்டு. அமாவாசை அன்னிக்கு மிசினுக்குப் பொட்டு வச்சு, கட்டைமேல ஒரு எலுமிச்சம்பழம் வக்கணும். பழம் தப்பிக்கிற அளவுக்கு மட்டும் டிரில்லைத் தூக்கிவிட்டு, ஒரு தபா வெறும் காத்துல ஓட்டணும். பழத்துமேல படாம டிரில்லு போய்வந்துட்டா சாமி சம்மதிச்சாச்சு. அப்பறம் பழத்தை நறுக்கி வாசல்ல போட்டுட்டு வேலையை ஆரம்பிக்கலாம். ஷிப்ட்டுக்கு வர்ற எல்லாரும் செய்யணும்னு ஓனர் உத்தரவு. ஒழுங்கா செய்றது தமிழ்ப்ரியா மட்டுந்தான். நம்மாளு பழத்தைக் கட்டைமேல வக்கிற மாதிரி வச்சு, எடுத்து மத்தியானச் சோத்துல புழிஞ்சுக்குவான். "காத்தை வெட்டி எவன் சம்பளம் வாங்கினான்?"னு அந்தப் பொண்ணைக் கிண்டல் வேற.

அது தனி ஒதுக்கீடு கேட்டு ஊரூரா மறியல் நடந்த கார்த்திகை. அமாவாசை அன்னிக்குத் தியாகதுருகத்துல மறியல். ஷிப்ட்டு முடியறதுக்கு முன்னாடியே பெரியப்பா காசிநாதன் பட்டறை வாசல்ல பைக்கை நிறுத்தி ஹாரனை அழுத்திக்கினே இருந்தாரு. "நம்ம புள்ளைங்க படிப்புக்குத்தான்டா ரோட்டுல ஒக்கார்றோம். வூட்டுக்கு ஒருத்தன் வரலன்னா ஊருல இன்னா பேசுவாங்க?" அவரு சொல்றதும் ஞாயந்தான். அந்நேரம் பாத்து டிரில்லு ஒடைஞ்சுது. அதே நீளத்துல வேற இல்ல. ஒடைஞ்சதைச் சட்டைப்பையில போட்டுக்கினு, நீளம் ஜாஸ்தியா இருந்த ஒண்ணை மாட்டிட்டு ஓடிட்டான். பட்டறைப் பொட்டியில பூட்டி வச்சிருந்த செல்போனைக்கூட எடுக்கல.

ரோட்டுல ஒக்காந்து தொண்டை கட்டக் கத்துனாங்க. போலீசு எல்லாரையும் வேன்ல ஏத்திக் கொண்டுபோயி ஒரு கல்யாண மண்டபத்துல வச்சுது. வழக்கந்தான், சாயங்காலம் விட்டுடுவாங்க. மத்தியானம் பந்தி போட்டாங்க, எலுமிச்சஞ்சோறு. தின்னுட்டுக் கை தொடைக்கத் துணி தேடிப் பைக்குள்ள கையை விட்டான். ஒடைஞ்ச டிரில்லு விரல்ல குத்துச்சு.

அப்பத்தான் ஒறைச்சுது. டிரில்லு மாத்துனா அதோட நீளத்தை அளந்து மிசினுக்குச் சொல்லணும். சொல்லல. மிசினுக்குக் கண்ணா இருக்கு? பழைய டிரில்லுன்னே நெனச்சுக்கினு முழு வேகத்துல எறங்கும், இரும்புல மோதித் தெறிக்கும். மிசினு கதவுல கண்ணாடி ஒடைஞ்சுபோயி வெறும் பிளாஸ்டிக் தகடுதான் மாட்டியிருக்கு. அதுக்கு நேரா மூஞ்சியை வச்சுக்கினு தமிழ்ப்ரியா நிப்பா.

பெரியப்பா போனை வாங்கினான். வாங்கி இன்னா செய்ய? ஓனரு நம்பரும் தெரியல, அந்தப் பொண்ணு நம்பரும் தெரியல. எல்லாம் பொட்டியில பூட்டிக் கெடக்கற போனுக்குத்தான் தெரியும்.

வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்திருந்த ஏட்டம்மா ரங்கம்மாள்கிட்ட ஓடுனான். "நான் போவணுங்க."

"ஏறும்போது கோஷம் போட்டுக்கினு ஏறுனியே. சாயங்காலம் போ."

"அங்க ஒரு பொண்ணு மிசினு முன்னாடி நிக்குதுங்க. நான் செஞ்ச தப்புல அதுக்குக் கண்ணு போயிடுமுங்க." சொல்லும்போதே அழுதுட்டான். அவன் அழுது பெரியப்பாவே பாத்ததில்ல.

ஏட்டம்மா அவன் மூஞ்சியைப் பாத்தாங்க. அப்பறம் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டாங்க. "சமையக்கட்டுக் கதவு தொறந்துதான் கெடக்கு. எனக்கு முதுவுல கண்ணு இல்ல."

வெளிய வந்தா பஸ்ஸு ஏது? மறிச்சதே இவன்தானே. குறுக்கு ரோட்டுல கரும்பு ஏத்திக்கினு ஒரு டிராக்டரு வந்தது, தொத்திக்கினான். அது ஆடி அசைஞ்சு போவுது, இவனுக்கு உசுரு போவுது. வேண்டாத சாமி இல்ல. இனிமே உன் பழத்தைத் திங்க மாட்டேன்னு ஒவ்வொரு சாமிகிட்டயும் தனித்தனியா சொன்னான்.

பட்டறை வாசல்ல எறங்குனா மிசினு சத்தமே இல்ல. அதுதான் பயமே. உள்ள போனான்.

தமிழ்ப்ரியா ஸ்டூல்ல ஒக்காந்து டீ குடிச்சுக்கினு இருந்தா. ரெண்டு கண்ணும் முழுசா இருந்துச்சு. மிசினு உள்ள டிரில்லு பாதியில நிக்குது, அதுல எலுமிச்சம்பழம் குத்தித் தொங்குது. சாறு கட்டைமேல சொட்டிக் காஞ்சு கெடந்துச்சு.

"காத்துல ஓட்டுனேன்ணா. என்னிக்கும் படாத டிரில்லு பழத்துல எறங்கிடுச்சு. பழமும் கூடவே சுத்துது. செவப்புப் பட்டனை அடிச்சு நிறுத்திட்டேன்." டீயை ஒரு வாய் உறிஞ்சுனா. "அளக்கலையா?"

தங்கதுரை அப்படியே தரையில குந்திட்டான். சிரிப்பும் அழுவையும் ஒண்ணா வந்தது. "அளக்கல தமிழு. என் தப்பு. உன்னைக் கொன்னிருப்பேன்."

அவ மிச்ச டீயை அவங்கிட்ட நீட்டுனா. "போன எடத்துல கேட்டது கெடைச்சுதா?"

"கெடைக்கும். கெடைக்கலன்னா மறுபடியும் கேப்போம்."

"கேளுங்க. அளந்து வச்சுட்டுப் போயிக் கேளுங்க."

எழுந்து கையைக் கழுவி, குத்தியிருந்த பழத்தைப் புடுங்கிட்டு, நீளத்தை அளந்து மிசினுக்குச் சொன்னான். அவ பையிலேர்ந்து இன்னொரு பழத்தை எடுத்துக் கட்டைமேல வச்சான். "நீ தள்ளி நில்லு"ன்னுட்டு, பிளாஸ்டிக் தகட்டுக்கு நேரா தானே நின்னு பட்டனைத் தட்டுனான். டிரில்லு எறங்குச்சு, பழத்துக்கு ஒரு விரல் மேல நின்னுச்சு, திரும்பி மேல ஏறுச்சு. அதுக்கப்பறந்தான் ரெண்டு பேரும் மூச்சு விட்டாங்க.

"பழத்தை நறுக்கட்டா, இல்ல சோத்துக்கு வச்சுக்கிறீங்களா?"ன்னு கேட்டா தமிழ்ப்ரியா.

"கத்தியைக் குடு"ன்னு வாங்கிக்கினு, பழத்தோட வாசலுக்குப் போனான் தங்கதுரை.