புளி போட்டு விளக்கிய ரிவால்வர்

கல்லணைப்புதூரில் நூறு வயது தாண்டிய ரிவால்வர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் சொந்தக்காரரை அடையாளம் காட்ட வேண்டும். மாசி முதல் வெள்ளி, காலை பத்து மணி, தாலுகா அலுவலகத்து வேப்பமரத்தடி. ரிவால்வர் வைத்திருப்பவர்கள் ஆறு ஆறு பேராக வரிசையில் நிற்பார்கள். எதிரே பலகையில் ஒவ்வொரு ரிவால்வராக வைப்பார்கள். அது மெல்லத் திரும்பி யார் நெஞ்சுக்கு நேரே குழலை நிறுத்துகிறதோ அவர்தான் சொந்தக்காரர். அவர் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். எந்த ரிவால்வரும் காட்டாத ஆளை எண்ணெய்த் துணியில் சுற்றி அலுவலக அலமாரியில் வைத்துவிடுவார்கள். வேறென்ன செய்ய? யாரென்றே தெரியாத ஆளைத் தெருவில் விட முடியுமா?

ரிவால்வர் அறிந்தவர் என்றால் அந்த ஊரில் குற்றாலலிங்கம்தான். கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிடியின் மரத்தைக் கழற்றி உள்ளே பொறித்த எண்ணைப் பார்ப்பார். உருளையைச் சுற்றிவிட்டுக் காது வைத்துக் கேட்பார். "குழல் பழசு, உருளை பிறகு மாத்தினது" என்று புட்டுப் புட்டு வைப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்து பார்த்தே வருஷம் சொல்லிவிடுவார். அவர் மனைவி வடிவு மூக்குத்தி போட்டிருப்பது எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் மனிதர் கொஞ்சம் முழிப்பார்.

சேர்த்து வைத்திருந்த பத்து ரிவால்வரைக் கொடுத்து ஒன்றே ஒன்றை வாங்கியவர் அவர். சுட முடியாதபடி குழல் அடைத்த, ஆறு குண்டு ரிவால்வர். உடம்பெல்லாம் பாக்குக் கறைபோல ஒரு பழுப்பு. அந்தப் பழுப்பைத் தேய்த்து எடுக்கக் கூடாது என்பதுதான் பழசு சேகரிக்கிறவர்களுக்கு முதல் பாடம். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய கட்டைவிரல் வியர்வையும் அதில் சேர்ந்து ஊறியிருந்தது.

வியாழக்கிழமை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் தலைக்கு மை பூசினார். உட்கார்ந்தார், எழுந்தார், மின்விசிறியைப் போட்டார், அணைத்தார், வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார்.

"ஏங்க, குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்கு இப்படி அலையுதீய? கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீயளா?" என்றாள் வடிவு. வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் துணி எடுக்க அவள் எழுந்து போனாள்.

கை சும்மா இருந்தால்தானே! ஒரு சிட்டிகைப் புளி எடுத்து ரிவால்வரின் குழல் நுனியில் லேசாகத் தேய்த்தார். அந்த இடம் மினுங்கியது. மினுங்கியதும் பக்கத்து இடம் அழுக்காகத் தெரிந்தது. அதையும் தேய்த்தார். ஊருக்குத்தானே உபதேசம்! வடிவு துணியோடு திரும்பி வருவதற்குள் தேங்காய் நாரும் தீர்ந்தது, பழுப்பும் தீர்ந்தது.

"பளிச்சுன்னுதான் இருக்கு" என்றாள் வடிவு. அவர் நாரில் ஒட்டியிருந்த பழுப்பை எடுத்துத் திரும்பக் குழலில் பூசிப் பார்த்தார்.

மறுநாள் வரிசையில் அவர் நான்காவது ஆள். முதலில் இசக்கிராஜின் ரிவால்வர். வைத்த நிமிஷமே அது திரும்பி அவர் நெஞ்சைப் பார்த்து நின்றது. இசக்கிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து குற்றாலலிங்கத்துடையது. அது திரும்பியது. மூன்றாவது ஆளைத் தாண்டியது. "வா ராசா, வா" என்று வாய்க்குள் கூப்பிட்டார். அவரையும் தாண்டிப் போய்விட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு வரிசையை விட்டுவிட்டு, புளி வாசம் பிடித்ததுபோல, தூக்குச்சட்டியோடு மரத்தடியில் நின்ற வடிவுக்கு நேரே போய் நின்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார் தாசில்தார்.

வடிவு இடது பக்கம் தள்ளி நின்றாள். குழலும் இடது பக்கம் வந்தது. வலது பக்கம் தள்ளி நின்றாள். அங்கேயும் வந்தது. தாசில்தார் ரிவால்வரை வடிவு பேருக்கு எழுதினார். பியூன் எண்ணெய்த் துணியைப் பிரித்து, குற்றாலலிங்கத்தைக் காலிலிருந்து கழுத்துவரை சுற்றினார். அவருக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை வெளியே இல்லை.

"இனி நீங்களும் சேகரிக்கிறவங்கதாம்மா" என்றார் தாசில்தார் வடிவிடம். "இந்த அண்ணாச்சிக்குச் சரியா அடையாளம் சொன்னீங்கன்னா எடுத்துட்டுப் போகலாம். நல்லாப் பாத்துச் சொல்லணும். வாய்க்கு வந்ததைச் சொல்லப்படாது."

வடிவு தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். கண்ணாடியை மாட்டினாள். அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"முடி நிறம் சொந்த நிறமில்ல. மேல மை பூசியிருக்கு." எழுத்தர் எழுதிக்கொண்டார். "மேல் பல்லு ரெண்டு பிறகு மாத்தினது."

குற்றாலலிங்கத்துக்கு உயிரே இல்லை. பூசினது, மாற்றினது என்று இரண்டு குறை வந்தால் அவரே அந்தச் சரக்கைத் தொட மாட்டார். எத்தனை சரக்கை அப்படித் தள்ளியிருக்கிறார்!

வடிவு அவருடைய இடது காதை மடக்கிப் பார்த்தாள். "இங்க ஒரு வெட்டு. எங்க கல்யாணத்தன்னைக்குப் பந்தக்கால் இடிச்சது. ரத்தத்தை என் கூறைச்சேலை முந்தானையாலதான் துடைச்சேன்."

அப்படி ஒரு வெட்டு இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது.

"என்னோடதுதான், குடுங்க" என்றாள் வடிவு.

வீட்டில் ரிவால்வர் இருந்த அலமாரியில் இப்போது பஞ்சு விரித்து அவரை வைத்திருக்கிறாள். ரிவால்வர் சன்னலோரம் அவருடைய நாற்காலியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வெளியே எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைக்கிறாள். புளி மட்டும் போடுவதில்லை.

அவரும் இப்போது சேகரிப்புச் சரக்குத்தான் என்பதால், வருகிற மாசியில் அவரைப் பலகையில் வைப்பார்கள். எதிரே ஆறு பெண்கள் நிற்பார்கள். வேறொருத்திக்கு நேரே நின்றுவிட்டால் அவள் வீட்டு அலமாரிக்குப் போக வேண்டியதுதான். அதனால் குற்றாலலிங்கம் அலமாரிக்குள் இப்போதே திரும்பித் திரும்பிப் பழகிக்கொண்டிருக்கிறார். "மூக்குத்தி வலது பக்கம், வலது பக்கம்" என்று அவர் சொல்லிக்கொள்வது அடுக்களைவரை கேட்கிறது.