பரவாயில்லை என்பது எத்தனை சென்டிமீட்டர்?

1

இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து பிறந்தது. உருவகம் இல்லை, நிஜக் கோடு. பத்து சென்டிமீட்டர் நீளம். வெள்ளைத் தாளில் குறுக்காக அச்சடித்திருக்கும். இடது முனையில் ‘வலியே இல்லை’, வலது முனையில் ‘தாங்க முடியாத வலி’. நடுவில் எங்காவது நோயாளி ஒரு சின்னக் கோடு கிழிக்க வேண்டும். டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்து அதை எண்ணாக்கிக்கொள்வார்.

தில்லியில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. மூட்டுவாதப் பிரிவு, புதன்கிழமை. இந்தத் தாளை வெளி பெஞ்சிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஒருவருக்கு நாலு நிமிஷம்தான் என்பதால், வலியைப் பற்றி யோசிப்பதையெல்லாம் வெளியிலேயே முடித்துக்கொண்டு வரவேண்டும். நியாயம்தான்.

முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். நான் எழுதியதால் யாருக்கும் நல்லதோ கெட்டதோ நடந்ததாகப் புகார் இல்லை. ஒரே ஒரு தடவை, போன டிசம்பரில், என் பேனா கிழித்த ஒரு சின்னக் கோட்டால்—

(நான் இல்லை. சேஷு. சேஷு என் கதாபாத்திரம். அவருக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. வலது கால் கட்டைவிரலை மட்டும் இரவல் கொடுத்திருக்கிறேன்.)

2

தூக்கிப் போட்ட தொடக்கங்கள்:

‘யமுனையின் மேல் பனிமூட்டம் ஒரு போர்வையைப்போல—’ யமுனை இந்தக் கதையில் வரப்போவதே இல்லை. பனிமூட்டம் இல்லாமல் தில்லிக் கதை எழுதினால் அபராதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

‘வேலம்மாளின் விரல்கள் முற்றிய வெண்டைக்காய்போல—’ மன்னிக்கவும்.

‘இந்தி தெரியாத வேலம்மாளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல சேஷு கூடவே உள்ளே போனார்.’ இதில் ஒரு பக்கம் ஓடிவிட்டேன். பிறகுதான் இது பச்சைப் பொய் என்று உறைத்தது. சேஷு சர்க்கார் நடத்திய இந்திப் பரீட்சை மூன்றையும் பாஸ் செய்தவர். சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது. அவர் இந்தியில் வழி சொன்னால் ஆட்டோக்காரர் இங்கிலீஷில் பதில் சொல்வார். வேலம்மாளோ ஜங்புராவில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்பில் முப்பத்தைந்து வருஷம் இருந்து நாலு வீட்டில் சமைத்தவர். அவருடைய இந்தி, சேஷுவின் இந்தியைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிடும்.

ஆகவே மொழிபெயர்ப்பாளரை நீக்கினேன். அப்போதுதான் கதை எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது.

3

டோக்கன் நாற்பத்தொன்று, சேஷு. ஓய்வுபெற்ற செக்ஷன் ஆபீசர், ஜனக்புரி. கால் கட்டைவிரலில் கவுட் என்கிற மூட்டுவலி. ராஜாக்களுக்கு வருகிற வியாதி என்று டாக்டர் சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராஜ்மாவைக் குறைக்கவேண்டும் என்றதும் பழையபடி குனிந்துகொண்டார்.

டோக்கன் நாற்பத்திரண்டு, வேலம்மாள். வயது ஐம்பத்தாறு, சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். வந்திருப்பது முடக்குவாதம். பக்கத்தில் உட்கார்ந்த முதல் நாளே சேஷு, கேட்காமலேயே, விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய சக்தியே வழிதவறி வந்து உடம்பின் மூட்டுகளை இடிக்கும், அதுதான் இந்த வியாதி என்றார்.

“தெரியும் சார்,” என்றார் வேலம்மாள். “புல்டோசர் மாதிரி.”

கேம்பை இடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை அப்போது. வேலம்மாளுக்கு ஊர்க்கோடியில், நரேலாவில் மாற்று வீடு கிடைத்திருந்தது. கிடைக்காதவர்களும் இருந்தார்கள் என்பதால் அவர் அதைப் பற்றிக் குறை சொல்வதில்லை. ஜங்புரா வீடுகள் தூரமாகிப்போனதால் நரேலாவிலேயே ஒரு பெண்கள் விடுதியில் சப்பாத்தி இடும் வேலை. காலையில் விரல்கள் மடங்குவதற்கு வெந்நீரில் அரைமணி ஊறப்போட வேண்டும். கடலையை ஊறப்போடுவதுபோல என்று அவரே சொன்னார்.

(ஒரு விஷயம். முதல் பிரதியில் சேஷு ‘சொன்னார்’, வேலம்மாள் ‘சொன்னாள்’. கை தானாகவே அப்படிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. ஒரே பெஞ்சு, ஒரே வரிசை, ஒரு எண் பின்னால். அந்த ஒரு எண்ணுக்காகவா ‘ஆர்’ போய் ‘ஆள்’ வந்தது? பரிகாரமாக சேஷுவை ‘சொன்னான்’ ஆக்கிப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயது மனிதர் சட்டென்று அரைநிஜாரில் வந்து நின்றார். ஆகவே எல்லாருக்கும் ‘ஆர்’. இனி வரப்போகும் டாக்டருக்கும், அவர் சேஷுவின் மகள் வயதுதான் என்றாலும்.)

4

முன்பு இருந்த டாக்டர் ஹரியானாக்காரர். அவரிடம் வேலம்மாள் இந்தியில் சண்டை போடுவார். செத்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் மாத்திரை சுண்ணாம்புக்கட்டி, நீங்கள் ஒருநாள் இந்தக் கையோடு மாவு பிசைந்து பாருங்கள் என்று அவர் போடும் சத்தம் வெளி பெஞ்சு வரை கேட்கும். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு மருந்தைக் கூட்டுவார். அவருக்கு மாற்றலாகி, ஜ்யோத்ஸ்னா வந்தார்.

ஜ்யோத்ஸ்னா தில்லியிலேயே பிறந்த தமிழ்ப்பெண். தமிழ் படிக்கத் தெரியாது, பேசுவார். வேலம்மாளின் சீட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, இந்தியை மனசுக்குள் தமிழாக்கி, ஒவ்வொரு விரல் கணுவாக அழுத்தினார்.

“ஆன்ட்டி, இங்கே வலி ஆகறதா?”

“பரவாயில்ல கண்ணு.”

“இங்கே?”

“பரவாயில்ல.”

இருபத்தெட்டு மூட்டுக்கும் இருபத்தெட்டு பரவாயில்லை. இந்தியில் நோயாளியாக இருந்தவர் தமிழில் விருந்தாளியாகிவிட்டார்.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சேஷு கேட்டார். வேலம்மாள் ரகசியம்போலச் சொன்னார்: “அந்தப் பொண்ணு ஆசையா மருந்து எழுதித் தருது சார். வேலை செய்யலன்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்றது? சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்ற மாதிரி இருக்காது?”

ஜ்யோத்ஸ்னாவின் பக்கத்தையும் சொல்லவேண்டும். அவர் அம்மா எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ரகம் இல்லை. மகள் பத்தாம் வகுப்பில் தொண்ணூற்றாறு சதவீதம் வாங்கி வந்தபோது பேப்பரைப் பார்த்து ‘பரவாயில்லை’ என்றார். ஆகவே ஜ்யோத்ஸ்னாவின் அகராதியில் பரவாயில்லை என்றால் தொண்ணூற்றாறு.*

* இந்த அம்மாவை நான் இட்டுக்கட்டினேன். ஆனால் உங்களுக்கு இவரைத் தெரியும்.

5

டிசம்பர். வேலம்மாளின் கையில் ஒரு தமிழ்த் தாள். இவருக்காகவே ஜ்யோத்ஸ்னா எங்கிருந்தோ தேடி அச்செடுத்தது. பேனாவைப் பிடித்தார், நழுவியது. எடுத்துக் கொடுத்தார் சேஷு, மறுபடி நழுவியது. குளிர் சார் என்றார் வேலம்மாள். கொஞ்சம் முன்னால்தான் அவருடைய தண்ணீர் பாட்டிலின் மூடியையும் சேஷு திறந்து கொடுத்திருந்தார்.

“நீங்கதான் எழுதறவராச்சே சார். போட்டுடுங்க.”

(சேஷு எழுதுகிறவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. இந்த அம்மாள் எப்படிச் சொன்னார்? இருக்கட்டும், மேலே போவோம்.)

“எங்கே போடணும்?” என்றார் சேஷு.

“பரவாயில்லன்னு போடுங்க.”

“அது எங்கே இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்.”

வேலம்மாள் கோட்டையே பார்த்தார். வலது முனையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சேஷு படித்துக் காட்டினார்.

“தாங்க முடியாததா? தாங்கிக்கிட்டுதானே சார் உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் போட்டா பொய்யாயிடும்.” மடங்கிய விரலின் கணுவால் இடது பக்கம் ஓரிடத்தைத் தொட்டார். “இங்க.”

அதற்கு சேஷு, ‘அம்மா, உங்கள் வலியைக் குறைத்து எழுதும் பாவத்தை என் பேனா செய்யாது’ என்று—

5 (திருத்தியது)

சேஷு அப்படி எதுவும் சொல்லவில்லை. காட்டிய இடத்தில் கோடு கிழித்தார். எட்டுக்குக் குறையாது என்று அவருக்குத் தெரியும். மூடி திறந்த கை, பேனா எடுத்துக் கொடுத்த கை, எப்படித் தெரியாமல் போகும்? ஆனால் மேலிடம் காட்டிய இடத்தில் முப்பத்தாறு வருஷம் கையெழுத்துப் போட்ட கையும் அதுதான்.

6

அந்த அறையில் இரண்டு ஸ்டூல். ஒரு நோயாளியைப் பார்க்கும்போதே அடுத்தவரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட வேண்டும். சேஷுவைப் பார்த்து முடித்த பிறகும் மருந்துச் சீட்டு எழுதும்வரை அவர் ஸ்டூலில் இருந்தார். அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

ஜ்யோத்ஸ்னா ஸ்கேலை வைத்தார். மூன்று. சந்தோஷத்தில் தலையை ஆட்டினார். ரத்தப் பரிசோதனையில் மட்டும் வீக்கம் அதிகமாகக் காட்டுகிறது, அதை அடுத்த தடவை பார்ப்போம் என்றார். ஒரு புது ஊசிக்கு இவர் பெயரை எழுதி அனுப்புவதாக இருந்தாராம். ஆஸ்பத்திரிக் கமிட்டி எண்ணைப் பார்த்துத்தான் கொடுக்கும். மூன்றுக்குக் கிடைக்காது. ஆனால் மூன்றுக்குத் தேவையும் இல்லையே, ஆன்ட்டி? பழைய மாத்திரையே ஓடட்டும். வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், மறக்காமல்.

வேலம்மாள் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அது என்ன ஊசி என்று சேஷுவைக் கேட்டார். தனக்குத் தெரிந்தவரை சேஷு சொன்னார். விரல் மேலே மேலே கோணிக்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்துகிற மருந்து. கோணியதை நிமிர்த்தாது, மிச்சத்தைக் காப்பாற்றும்.

வேலம்மாள் தன் வலது கையை மடியில் வைத்து, யாருடையதோ என்பதுபோல, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பரவாயில்ல சார்,” என்றார்.

7

இப்போது மார்ச். வேலம்மாளின் மோதிரவிரல் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. விடுதியில் சப்பாத்தி இட வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இவர் தவாவில் திருப்பிப் போடுவது மட்டும். இடுக்கியையும் பிடிக்க முடியாமல் போனால் அதுவும் இல்லை. இதெல்லாம் போன வாரம் போனில் சேஷுவிடம் சொன்னது. வரும் புதன்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி அதே தாள்.

“ஒண்ணு கூட்டிப் போடுங்க சார். நாலு. போன தடவை மூணு போட்டுட்டு ஒரேயடியா ஏத்தினா அந்தப் பொண்ணு பயந்துடும். நாம பொய் சொன்னதும் தெரிஞ்சுபோயிடும்.”

நாம் என்றார். கவனித்தீர்களா?

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

சேஷு எட்டில் போட்டுவிடலாம். ஊசி கிடைக்கும். ஆனால் அது வேலம்மாளின் வலி. ஒருவர் வலியை அவரைக் கேட்காமல் திருத்தி எழுத சேஷு யார்? (நான் அதை வாராவாரம் செய்கிறேன், அதுவும் பெயர் போட்டு.)

அல்லது, ஜ்யோத்ஸ்னாவிடம் தனியாக ஒரு வார்த்தை: “டாக்டர், அவங்ககிட்ட இந்தியில கேளுங்கோ.” இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இந்தியில் கேட்ட மறுநிமிஷம் வேலம்மாள் கத்த ஆரம்பிப்பார், பெஞ்சு அதிரும், நமக்கெல்லாம் கண் கலங்கும். ஆனால் எழுதிப் பார்த்தால் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. தில்லியில் தன்னிடம் தமிழ் பேசும் ஒரே டாக்டர் சட்டென்று இந்திக்கு மாறியதும் வேலம்மாளின் முகம்— அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

சேஷுவின் மனைவி ருக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “ஏன்னா, அந்தப் பேனாவை நீங்க எதுக்கு வாங்கறேள்? டாக்டர் முன்னாடி அவ கையிலயே கொடுக்கச் சொல்லுங்கோ. விழும். டாக்டரே பார்த்துக்கட்டும்.”

முப்பது வருஷம் எழுதுகிறவனுக்கு வராத முடிவு, கீரைக்கட்டின் பக்கத்திலிருந்து வருகிறது. அளவெடுக்க ஸ்கேல்கூட வேண்டாம். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. நிமிஷத்துக்கு எத்தனை சப்பாத்தி இட்ட கை அது. நாலு பேர் முன்னால் ஒரு பேனாவைத் தவறவிடட்டும் என்று திட்டம் போட்டுக் காத்திருப்பதா? அதற்கு எட்டில் போட்டுவிடுவதே மரியாதை. இல்லை, அதுவும்—

8

சரி. டோக்கன் நாற்பத்தொன்று நான்தான். உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். ருக்கு இதைப் படித்துவிட்டு, கட்டைவிரல் மட்டும் இல்லை, முழு ஆளையும்தான் இரவல் கொடுத்திருக்கிறேள் என்றாள். (ருக்குவுக்கு ‘ஆர்’ போட்டால் ஒருமாதிரி பார்ப்பாள்.)

ஆக, டிசம்பரில் அந்த மூன்றைப் போட்டவன் நான். இன்று ஞாயிற்றுக்கிழமை. நரேலாவில் நாலாவது மாடியில் வேலம்மாள் அவருடைய ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பார். புதன்கிழமை வரை எனக்கு மூன்று நாள் இருக்கிறது. கதைக்கு இந்தப் பக்கத்தோடு இடம் முடிகிறது. அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. தாள் இதோ. பேனா உங்களிடம் இருக்கும், பிடிக்கவும் முடியும் என்று நம்புகிறேன்.

வலியே இல்லை |————————————————————| தாங்க முடியாத வலி

வேலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எங்கே போடுகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே ஸ்கேலோடு ஒரு பெண், நல்ல செய்திக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நாற்பத்திரண்டாம் எண்ணைக் கூப்பிட்டாயிற்று.

எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். அவர் கையிலேயே பேனாவைத் திருப்பிக் கொடுத்தாலும் சரி. பிறகு, கதை எப்படி என்று யாராவது உங்களைக் கேட்டால், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அது எத்தனை என்று இப்போது எனக்குத் தெரியும்.