கொஞ்சம் என்றால் எவ்வளவு

என் வீட்டுக்காரருக்குச் ‘சொட்டு’ என்று பட்டப்பெயர். எங்களுடையது பெயின்ட் கடை. மற்ற கடைகளில் வண்ணம் கலக்க இயந்திரம் வந்துவிட்டது. எங்கள் கடையில் இவர் கண்தான் இயந்திரம். சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துணுக்கைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, காவி மூன்று சொட்டு, கறுப்பு ஒரு சொட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே கலப்பார். அடித்துக் காய்ந்த பிறகு எது பழைய சுவர், எது புதுசு என்று அந்த வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. அந்தத் திமிர் இவருக்கு நிறையவே உண்டு. எனக்கும் அதில் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்படிச் சொட்டுக் கணக்குப் பார்க்கிற மனுஷனுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அளவு தெரியாது. சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கியதும் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து பிராந்தி பாட்டில் வரும். கேட்டால் கொஞ்சம்தான் என்பார். இரண்டாவது தடவை ஊற்றும்போதும் கொஞ்சம்தான். அதற்கப்புறம் சாப்பாடு இறங்காது; சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். வருஷக்கணக்காக இதுதான் நடந்தது.

போன வருஷம் சிவப்பு வெளுக்க ஆரம்பித்தது. இவருக்கு மட்டும். அதைத் தன் கண்மேல் போட்டுக்கொள்வாரா? சாயக் கம்பெனிக்காரன் கலப்படம் செய்கிறான் என்று காரசாரமாக மூன்று கடிதம் போட்டார். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து எங்கள் மேஜையிலேயே மூன்று டப்பாக்களைத் திறந்து காட்டினார். மூன்றும் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. அவர் என்னைப் பார்த்தார், நான் டப்பாவைப் பார்த்தேன். உங்கள் ஆட்கள் உங்களையே ஏமாற்றுகிறார்கள் என்று இவர் அவருக்கு அனுதாபம் சொல்லி அனுப்பிவைத்தார். பிறகு டியூப்லைட் மேல் சந்தேகம் வந்து எல்லாவற்றையும் மாற்றினார். என் புது உடை சலவையில் சாயம் போய்விட்டது என்று என்மேல் பாய்ந்தார். அது இன்னும் தண்ணீரையே பார்த்திருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பல் டாக்டர், நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு வெளிர் ரோஜா நிறம் கேட்டார். பார்த்ததும் மனசு அமைதியாக வேண்டுமாம். இவர் கலந்தார். ரோஜாவே தெரியவில்லை என்று சிவப்பை விட்டார், இன்னும் விட்டார். போதுங்க என்றேன். உனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார். ‘சொட்டு’ கலந்தது என்றால் எந்தப் பெயின்டரும் மறுபேச்சு பேசமாட்டார், அப்படியே அடித்துவிட்டார். இரண்டாம் நாள் டாக்டரே நேரில் வந்து நின்றார். உள்ளே நுழைகிறவர்கள் நாலு சுவரையும் பார்த்துவிட்டு, கன்னத்தைப் பிடித்தபடி வந்த வழியே போய்விடுகிறார்களாம்.

அதன் பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். பலகையில் எழுத்துகளின் நடுப்பகுதி இவருக்குப் புகைமூட்டமாக இருந்தது. எந்தக் கண்ணாடி போட்டும் சரியாகவில்லை. குடிப்பதுண்டா என்று டாக்டர் கேட்டார். “எப்பவாவது, கொஞ்சம்” என்றார் இவர். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய நியாயமாகத் தோன்றியது.

குடி இல்லையென்றால் வேறென்ன என்று டாக்டர் தேட ஆரம்பித்தார். ரத்தம் எடுத்தார்கள், கடைசியில் தலைக்கு ஸ்கேன் எழுதினார்கள். இவருக்கு ஒரே உற்சாகம். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் மூளையில் ஏதோ இருக்கலாமாம் என்று பெருமையாகச் சொன்னார். கட்டி என்றால் மரியாதையான வியாதி, யாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கமாட்டார்கள் இல்லையா. ஸ்கேனில் ஒன்றுமே இல்லை என்று வந்தபோது முகம் தொங்கிப்போனது. அன்றைக்கு வழக்கத்தைவிடக் அதிகமாகவே ‘கொஞ்சம்’ நடந்தது.

இப்படியே எட்டு மாதம் போனது. ஒருநாள் காலை காபி கொடுக்கும்போது என்னையே உற்றுப் பார்த்தார். “உன் காது ரெண்டும் தெரியுது. மூஞ்சிதான் இல்ல” என்றார். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து ஒரு வாரம், பாட்டிலில் இருந்ததையும் மீந்ததையும் பெயின்ட் கலக்கும் அளவுக் குவளையில் ஊற்றி ஊற்றிக் குறித்துக்கொண்டேன். மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

“தினமும் அரை லிட்டர் பிராந்தி டாக்டர். ஏழு நாள் அளந்தேன். சரியா சாப்பிடறதும் இல்ல.”

இவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோகாதது ஆச்சரியம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குடியும், குடியால் சாப்பிடாததும் சேர்ந்து கண் நரம்பைப் பட்டினி போட்டிருக்கிறது என்றார். ஒரு சொட்டுக்கூடக் கூடாது. ஆனால் இவ்வளவு குடித்தவர் வீட்டில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சத்து ஊசி, மாத்திரை, மூன்று வேளைச் சாப்பாடு. இவரும் நிறுத்திவிட்டார். திருந்தி அல்ல, பயந்து. எனக்கு எதுவானாலும் சரி.

நாலு மாதத்தில் எழுத்துகள் திரும்பின, என் மூஞ்சியும் திரும்பியது. சிவப்பு மட்டும் சரியாகத் திரும்பவில்லை. இனி பெரிதாக மாறாது என்று டாக்டர் சொன்னார். முதல் தடவை வந்தபோதே குடி விஷயம் தெரிந்திருந்தால் அதுவும் திரும்ப நல்ல வாய்ப்பு இருந்தது என்பதையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தோம். இப்போதெல்லாம் நான்தான் கலக்கிறேன், இவர் ஸ்டூலில் உட்கார்ந்து மூடி திறந்து தருகிறார். அன்றைக்கு ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“நான் பொய் சொன்னேன், சரி. குடிக்கிறவன் வேற என்ன சொல்லுவான். நீ ஏன் தலையாட்டினே?”

“உங்க மானம் போயிடக் கூடாதுன்னுதான்.”

அவர் மூடியை மேஜைமேல் வைத்தார்.

“அது பத்திரமா இருக்கு” என்றார்.

குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.