ஓக்-ரான் வாங்கித் தந்த பரலோகம்

ஆஸ்பத்திரி நடையில் பாஸ்டர் மூன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "சகோதரி, அம்மா கடைசியில ஆண்டவரை ஏத்துக்கிட்டாங்களா?"

அம்மாவின் கண்ணை மூடிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள் ஓக்-ரான். "ஏத்துக்கிட்டாங்க பாஸ்டர். பேச்சு வரல. நான் கேட்டதும் கையை அழுத்தினாங்க."

"அல்லேலூயா!" பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற தம்பி தொக்-பே அக்காவை ஏற இறங்கப் பார்த்தான்.

அம்மா கையை அழுத்தவேயில்லை. முந்தின நாள், நல்ல நினைவோடு இருந்தபோதே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள்.

"உங்கப்பன் பரலோகத்துலதான் இருக்கான்னு உங்க பாஸ்டர் சொன்னாரில்ல?"

"ஆமாம்மா. அவரு மனந்திரும்பிட்டாரே."

"அப்போ எனக்கு அந்த இடம் வேண்டாம்டி. இங்க அவன் மூஞ்சியைப் பார்த்ததே போதும்."

அப்பா, பிள்ளைகள் தவழும் வயதில் பூசான் நகரத்துக்கு ஒருத்தியோடு ஓடிப்போனவர். ஈரல் கெட்டுத் திரும்பி வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஞானஸ்நானம் பெற்றுக் கண்ணை மூடினார். சபை அவரைக் கொண்டாடித் தன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தது. அம்மா பூன்-தொக்கோ குன்சான் துறைமுகத்தில் சோயா முளை சூப் கடை போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினாள். வேலையில்லாத படகுக்காரன், குடித்துவிட்டு விழுந்து கிடந்தவன், கூலி கிடைக்காத வியட்நாம்காரன், யார் வந்து நின்றாலும் கிண்ணம் வைப்பாள். சர்ச்சுக்குக் கூப்பிட்டால், "நான் வந்துட்டா அடுப்பை யாரு பாக்கறது? உங்க ஆண்டவரா?" என்பாள்.

துக்க மண்டபத்துக்குத் துறைமுகமே திரண்டு வந்தது. ஒரு கிழட்டுப் படகுக்காரர் அம்மாவின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் குனியப் போனார். சபைப் பெண்ணொருத்தி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"எழுந்திருங்க ஐயா! இது விசுவாசியோட சாவு. கும்பிடக்கூடாது, பூ வச்சிட்டுப் போங்க."

"விசுவாசியா? இந்தக் கிழவியா?" அவர் வாயைப் பிளந்தார். "போன மாசங்கூட உங்க பாஸ்டர் மாதிரிப் பேசிக் காட்டி என் வயித்தைப் புண்ணாக்கினாளேம்மா!"

பாஸ்டர் பிரசங்கித்தார். "பூன்-தொக் அம்மா ஊருக்கே சோறு போட்டாங்க. நல்லதுதான். ஆனா அவங்க ஊத்தின சூப் அத்தனையும் சேர்ந்தாலும் பரலோகத்து வாசப்படியை நனைக்காது. அவங்களைக் காப்பாத்தினது எது? மகளோட கையை ஒரு தடவை அழுத்தினாங்களே, அந்த விசுவாசம்!"

சபை ஆமென் என்றது. தன் வாயும் சேர்ந்து சொன்னதை ஓக்-ரான் பிறகுதான் உணர்ந்தாள்.

வெளியே தொக்-பே சிகரெட்டோடு நின்றான். "யாருக்காகச் சொன்னே அக்கா? அம்மாவுக்காகவா, உன் சபைக்காரங்க முன்னாடி மானம் போகக்கூடாதுங்கிறதுக்காகவா?"

"சொல்லலைன்னா அம்மாவை எங்க அனுப்பியிருப்பாங்கன்னு தெரியுமாடா?"

"எங்க அனுப்பினா என்ன? இப்போ அந்த ஆளு பக்கத்துல படுக்க வைக்கப் போறாங்களே. செத்தவளைப் புடிச்சு மறுபடியும் கட்டி வச்சுட்டே."

அவளுக்கு அது தோன்றவேயில்லை. பாஸ்டரிடம் ஓடினாள். "அம்மாவுக்கு வேற இடம் பாக்கலாமா?"

"ஏன் சகோதரி? ரெண்டு பேரும் மன்னிக்கப்பட்டவங்க. ஒண்ணா எழும்பப் போறாங்க. இதைவிட என்ன வேணும்?"

காரணம் சொன்னால் பொய் உடையும். தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். மண் போடும்போது தொக்-பே இல்லை. பிறகு அவள் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா கையை அழுத்தியதைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். உட்கார்ந்து ஜெபிக்கத் தொடங்கியவளுக்கு நாக்கு எழவில்லை. தான் இத்தனை வருஷம் நம்பியது மெய்யென்றால் அம்மா பரலோகத்தில் இல்லை. அம்மா அங்கே இருந்தால் தான் நம்பியது மெய்யில்லை. எதைக் கேட்பது?

ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் அவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். "என் மாமியாரும் இழுத்துக்கிட்டுக் கிடக்காங்க. எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து பேசுங்க சகோதரி. உங்களுக்கு அந்த வரம் இருக்கு."

சுற்றி நின்ற எல்லோரும் ஓக்-ரானையே பார்த்தார்கள். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கிழவி நினைவு தப்பிக் கிடந்தால் தேவலை என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.